தாராவியில் எனக்குப் பத்து நாள் வயிற்றெரிச்சல்

நான் மும்பைக்குப் போனது சேவை மனப்பான்மையால் என்று அலுவலகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மைக் காரணம் பெர்னிஸ். என்னைவிட எட்டு வயது இளையவள், அடுத்த மேசைக்காரி. போன வருடம் எங்கள் தன்னார்வக் குழுவின் சார்பில் கம்போடியாவுக்குப் போய், கிராமத்துப் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்திவிட்டு வந்தாள். மதிய இடைவேளையில் அவளுக்குக் கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். நானும்தான் கை தட்டினேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தன்னார்வப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

சிங்கப்பூரில் வங்கி ஊழியர்களுக்கும் தாதியருக்கும் இருபது வருடமாகப் பயிற்சி கொடுக்கிறவள் நான். தமிழ் தெரியும் என்பதால் குழுத் தலைவர் லிம் என்னை மும்பைக்கு அனுப்பினார். தாராவிப் பெண்கள் இருபது பேர், பத்து நாள். முடிவில் அவர்களில் ஒருத்தியின் பெயரை நான் பரிந்துரைக்க வேண்டும். அவள் ஒரு மாதம் சிங்கப்பூருக்கு வந்து பயின்று, திரும்பிப் போய், அங்கே திறக்கப்போகும் மகளிர் மையத்தைச் சம்பளத்தோடு நடத்துவாள். என் அறிக்கை நன்றாக இருந்தால் அடுத்த வருடக் குழுவுக்கு நானே தலைவி என்று லிம் ஜாடையாகச் சொன்னார். ஜாடையாகச் சொன்னதை நான் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

தங்கியது மாட்டுங்காவில், பூக்கடை வரிசைக்குப் பின்னால், இரண்டாவது மாடி விடுதி ஒன்றில். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மாமரக் கிளை உரசும் ஒரு ஜன்னல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெர்னிஸுக்குக் கம்போடியாவில் நதியைப் பார்த்த அறை.

காலையில் இட்லி சாப்பிடப் போனேன். மாட்டுங்கா ஓட்டல்களில் உங்களுக்கென்று தனி மேசை கிடையாது. காலி நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கே உட்காரவைத்துவிடுவார்கள். என் எதிரில் பாலக்காட்டுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். ரசத்தில் ஊறிய வடையை அவர் கரண்டியால் வெட்டிக்கொண்டே என்னை விசாரித்தார்.

"சிங்கப்பூர்லேர்ந்து வரேளா? என்ன காரியமா?"

தாராவியில் தலைமைப் பயிற்சி என்றேன்.

"தாராவிக்காராளுக்கா?" அவர் மனைவியைப் பார்த்தார். "முதல்ல எங்க பில்டிங் சொசைட்டிக்கு வந்து நடத்துங்கோ. மாடிப்படிக்குப் பெயின்ட் அடிக்கறதுக்கு மூணு வருஷமா மீட்டிங் போடறோம். என்ன கலர்னு இன்னும் முடிவாகலை."

"நீங்க நீலம் நீலம்னு ஒத்தக்கால்ல நின்னா எப்படி முடிவாகும்?" என்றார் மனைவி. இருவரும் சிரித்தார்கள். சிங்கப்பூரில் பக்கத்து மேசைக்காரர் நம்மிடம் பேசினால் ஏதோ விற்க வருகிறார் என்று அர்த்தம். இவர்கள் எதையும் விற்கவில்லை. இட்லியும் எங்கள் ஊர் இட்லியைவிட நன்றாக இருந்தது. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

பயிற்சி நடந்தது தாராவியில், ஒரு பள்ளியின் மேல்மாடிக் கூடத்தில். நைன்டி ஃபீட் ரோட்டில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்ததும், சொந்த ஊருக்கு வந்த மாதிரி நிமிர்ந்து நடந்தேன். கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த நிமிர்வு போய்விட்டது. சின்னப் பெண்களெல்லாம் என் தமிழைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.

"டென்ஷன் ஆவாதீய டீச்சர். புரியாதத நான் சொல்லிக் குடுக்கேன்," என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

அதுதான் செல்வக்கனி. வயது நாற்பதுக்குப் பக்கம். தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை. கணவருக்குக் குர்லாவில் லேத் வேலை. அந்த இருபது பேரைத் திரட்டியவள் அவள்தான். இருபதில் ஒருத்தியும் அவள்தான். அவள் எழுந்து நின்றதும் கூடம் அமைதியானது. அதே அமைதிக்காக நான் ஐந்து நிமிடமாகக் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பயிற்சி, எந்த வங்கியிலும் தோற்காத ஒன்று. "உங்களில் யார் தலைவி என்று நினைக்கிறீர்களோ, அவர் ஓர் அடி முன்னால் வாருங்கள்." வங்கியில் இதைச் சொன்னால் பாதிப் பேர் பாய்வார்கள். இங்கே ஒருத்தியும் அசையவில்லை. பிறகு ஒரு பெண், "இந்த வாரம் யாரு முறை?" என்று கேட்டாள். "சாவி ஜெயா வீட்லதான இருக்கு? அப்ப அவதான்," என்றாள் இன்னொருத்தி. அவர்கள் சந்தின் பொதுக் கழிப்பறைச் சாவி வாரம் ஒரு வீட்டில் இருக்குமாம். எந்த வீட்டில் சாவியோ, அந்த வாரம் அவர்கள் சொல்வதுதான் சட்டம். ஜெயாவைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவள் வெட்கத்தோடு ஓர் அடி வந்து நின்று, செல்வக்கனியைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். நான் தயாரித்து எடுத்துப் போயிருந்த பன்னிரண்டு படங்களை அன்று ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

அன்று மாலையே செல்வக்கனிமீது எனக்கு ஒரு கடுப்பு விழுந்துவிட்டது. அவள் என்னைவிடக் குறைவாகப் பேசினாள். அவள் சொன்னது நடந்தது.

மூன்றாம் நாள் எங்களை விக்ரோலியில் உள்ள இன்னொரு பெண்கள் குழுவிடம் அழைத்துப் போனாள். போகும்போது தொல்லை இல்லை. திரும்பும்போது லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் கூட்டம் பிதுங்கியது. அதிர்ஷ்டவசமாக எனக்கு ஓர் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுமே ஒரு பெண் என்னிடம் ஏதோ கேட்டாள். "எங்க எறங்குவீயன்னு கேக்கா," என்றாள் செல்வக்கனி, கூட்டத்துக்குள் எங்கிருந்தோ. "சயான்," என்று சொல்லிச் சிரித்துவைத்தேன். சற்று நேரத்தில் இன்னொருத்தி அதையே கேட்டாள். அவளிடமும் அதே பதில், அதே சிரிப்பு. என்ன நாகரிகமான ஊர், வெளியூர்க்காரியை எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கறை என்மேல் இல்லை, என் இடத்தின்மேல் என்று சயானில் எழுந்தபோதுதான் தெரிந்தது. நாம் இறங்கும் இடத்தைச் சொல்லித் தலையாட்டிவிட்டால் அந்த இடத்தை அவருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. நான் ஒரே இடத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார வந்தார்கள். "நான் குர்லாவிலேயே கேட்டுவிட்டேன்," என்று ஒருத்தி. "எனக்கும்தான் சிரித்தாள் இந்த அம்மா," என்று மற்றவள். பெட்டி முழுவதும் இந்த அம்மாவை முறைத்தது.

அவர்கள் சண்டையையும், தான் இந்தியில் சொன்ன தீர்ப்பையும் செல்வக்கனியே எனக்குப் பிறகு தமிழில் சொன்னாள்: "நீ தாதரில் இறங்குகிறாய், அவள் பைகுல்லா. இரண்டு ஸ்டேஷனுக்கு நீ உட்கார். அப்புறம் அவள் காலை நீட்டட்டும். முறைக்காதே, அந்த அம்மா ஃபாரின்." அவ்வளவுதான். இருவரும் ஒப்புக்கொண்டதோடு, நாங்கள் இறங்கும்போது அவள் கையைத் தட்டியும் கொடுத்தார்கள். பிணக்குத் தீர்த்தல் என்று நான் ஒரு முழு நாள் பாடம் வைத்திருக்கிறேன், நாலு கட்டம், இரண்டு நாடகம். ரயில் சயானில் நின்ற நேரத்துக்குள் அவள் அதை முடித்துவிட்டாள். நான் வாய்விட்டு நன்றி சொன்னேன். மனத்துக்குள் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்தான் எனக்கு ஆயுதம் கிடைத்தது.

எல்லோருக்கும் பெயர் எழுதிய அட்டை கொடுத்திருந்தேன், கழுத்தில் மாட்டிக்கொள்ள. முந்தின நாள் லட்சுமி என்பவள் தன் மாமியாரைப் பற்றி அழகாக ஒரு விஷயம் சொன்னாள். அதைத் திரும்பச் சொல்லும்படி லட்சுமியைக் கேட்டேன். லட்சுமி என்ற அட்டையோடு எழுந்தவள் வேறு பெண்.

"நேத்து வந்தது எங்க ஓரகத்தி டீச்சர். இன்னிக்கு அவளுக்கு அப்பள வேல. அதான் நான் வந்தேன். மாமியாரு ஒண்ணுதான், நானே சொல்லட்டா?"

கூடம் சிரித்தது. நான் ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துக்கொண்டு போனேன். ராணி ராணியில்லை. ஜெயா ஜெயாவின் தங்கை. முத்துமாரி முதல் நாள் வந்த முத்துமாரிக்கு மூத்த மகள். என் இருபது பேர் எத்தனை பேர் என்று எனக்கே தெரியவில்லை. ஐந்து நாளும் ஒரே ஆளாக வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செல்வக்கனி. இன்னொருத்தி கவிதா, கல்லூரியில் படித்த பெண், ஆங்கிலம் பேசுவாள், எப்போதும் முதல் வரிசை.

"என்னங்க இது? இருபது பேர்தான்னு சொல்லியிருந்தேனே?" என்று செல்வக்கனியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவளுக்கு என் கோபமே விளங்கவில்லை. "இருவது ஸீட்டுதான டீச்சர் குடுத்தீய? இருவதுக்கு மேல ஒருத்தி உக்காந்தாளா? அம்பது பேரு ஆசப்பட்டாவ. யார வேண்டாம்னு சொல்ல? அதான் முறை போட்டுட்டேன்."

"படிப்புன்னா தொடர்ச்சி வேணும். நேத்து நடத்துனது இன்னிக்கு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் தெரியாது? தண்ணி புடிக்கும்போது நேத்து போனவ இன்னிக்கு போறவளுக்கு சொல்லிருதா. கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தேன். முதல் நாள் பாடத்தை, அன்று கூடத்திலேயே இல்லாத ஒரு பெண், நான் நடத்தியதைவிடத் தெளிவாக நடத்திக் காட்டினாள். என் உதாரணத்தை எடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயில் வரிசை நிற்பதை உதாரணமாகப் போட்டிருந்தார்கள். அது என் உதாரணத்தைவிட நன்றாக இருந்தது. அதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. "சர்டிஃபிகேட்டும் அப்பிடித்தான் டீச்சர்," என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். "மாசத்துக்கு ஒரு வீட்டு செவுத்துல மாட்டிக்கிடுவோம்."

எட்டாம் நாள் அறிக்கை அனுப்ப வேண்டும். எங்களோடு சேர்ந்து வேலை செய்த உள்ளூர்க் குழுவின் அலுவலகம் செம்பூரில் இருந்தது. குர்லாவில் ரயில் மாறி அங்கே போனேன். ஏசி அறையில், நல்ல தேநீரோடு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து தட்டினேன். பரிந்துரைக்கும் பெயர்: கவிதா. உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் செல்வக்கனியைப் பற்றி: வருகைப் பதிவில் முறைகேட்டை அனுமதித்தவர், விதிமுறைகளை உள்வாங்கிக்கொள்ளவில்லை, தற்போதைய நிலையில் பரிந்துரைக்க இயலவில்லை. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்தால் பொய் என்று எதையும் காட்ட முடியாது. மொத்தமாகப் படித்தால் அத்தனையும் பொய். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது ஒரு குளிர்ச்சி இருந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. வெளியே வந்து ஸ்டேஷன் வாசலில் ஒரு வடாபாவ் வாங்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மாட்டுங்காவுக்குப் போக நானே ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறினேன். சயான் தாண்டியதும் ஓட்டுநர் ஓரமாக நிறுத்திவிட்டார். அந்த இடத்துக்கு அப்பால் ஆட்டோ போகக்கூடாதாம், டாக்ஸிதான் போகலாமாம். மழையில் ஒரு டாக்ஸியும் நிற்கவில்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். நான் ஆட்டோவில் ஏறுவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள் செல்வக்கனி.

"ஒரு வார்த்த கேக்கப்புடாதா டீச்சர்? ஆட்டோ இங்கன வரைக்குந்தான். வாங்க, நடந்துருவோம்."

நடந்தோம். விடுதிக்கு வந்து சேர்ந்தபோது இருவரும் தொப்பலாகியிருந்தோம். துண்டு தருகிறேன் என்று அவளை அறைக்குக் கூட்டிப் போனேன். அவள் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள்.

"இந்த ரூம்ல நீங்க மட்டுந்தானா?"

"ஆமா. சின்ன ரூம்தான்."

"தாப்பா போட்டுக்கிட்டா யாரும் தட்ட மாட்டாவளா?"

"யாரு தட்டப் போறா?"

அவள் துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "தப்பா நெனக்காதீய டீச்சர். மொத நாள்லேருந்தே உங்களப் பாத்தா எனக்கு பொறாமையா இருக்கு. படிச்சிருக்கீயன்னு இல்ல. ஒத்தையில பத்து நாளு வந்து இருக்கீய பாத்தீயளா, அதுக்கு. எங்க வீட்ல பத்துக்குப் பத்துல நாங்க ஏழு பேரு. நான் தாப்பா போட்டு உக்காருத எடம் எங்க சந்து சண்டாஸ் ஒண்ணுதான், அதான் டீச்சர், கக்கூஸு. அங்கயும் ரெண்டு நிமிசத்துல கதவ தட்டிருவாவ."

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஒண்ணு கேக்கட்டா? ஒரு பத்து நிமிசம் நான் மட்டும் இதுக்குள்ள இருந்துக்கிடட்டுமா? எதையும் தொட மாட்டேன்."

நான் வெளியே வந்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்தக் குறுகலான நடையில், ஈரப் புடவையோடு, என் சொந்த அறைக்கு வெளியே நின்றேன். பொறாமையை அவள் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். நான் என் பொறாமையை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன், அதுவும் விதிமுறை என்று பெயர் போட்டு. பெர்னிஸின் கேடயத்தைப் பார்த்தபோதுகூட என்மேல் எனக்கு இவ்வளவு அசிங்கம் தோன்றவில்லை.

லிம்முக்குப் போன் போட்டேன். கவிதாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லையே என்று முதலில் கேட்டேன். இல்லை என்றார். பெயரை மாற்ற வேண்டும், செல்வக்கனிதான் சரியான ஆள் என்றேன்.

"விதிகளை மீறியவர் என்று எழுதியிருந்தாயே?"

"இருபது பேருக்கான பயிற்சியை அவள் ஐம்பது பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். அதைத்தான் அப்படி எழுதினேன்."

"ஏன் அப்படி எழுதினாய்?"

சொல்ல வேறு காரணங்கள் இரண்டு மூன்று இருந்தன. மழை, களைப்பு, புரிதலில் பிழை. "அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள். எனக்குப் பொறாமை," என்றேன்.

"இதை எழுத்தில் தர முடியுமா?" என்று கேட்டார். அடுத்த வருடக் குழு என் கையை விட்டுப் போனது அந்த நிமிடத்தில்தான் என்று எனக்குத் தெரியும். சுவரில் சாய்ந்துகொண்டு கைப்பேசியிலேயே எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிடம் அரை மணியாகியிருந்தது. நான் தட்டவில்லை. கதவைத் திறந்தபோது செல்வக்கனியின் முகம் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருந்தது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல டீச்சர். சும்மா இருந்தேன்," என்றாள், பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்தவள் போல.

இந்த அறிக்கை விஷயத்தை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், யாரையாவது வாசிக்கச் சொல்வாள். அன்று மாலைக்குள் குழாயடி முழுக்கத் தெரிந்துவிடும்.

அடுத்த வருடக் குழுவுக்குப் பெர்னிஸ்தான் தலைவி. இந்த முறையும் கை தட்டினேன்.

நாலு மாதம் கழித்துச் செல்வக்கனி சிங்கப்பூர் வந்தாள். என் மகன் ராணுவ முகாமில் இருப்பதால் அவன் அறையை அவளுக்குக் கொடுத்தேன். பகலில் பயிற்சி. மாலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே போய் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு மலாய் தெரியாது, சீனம் தெரியாது, ஆங்கிலம் பத்து வார்த்தை. யாரிடம் என்ன பேசினாளோ தெரியாது. இரண்டாவது வாரம் ஒருநாள் அழைப்பு மணி அடித்தது. திறந்தால், எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா. கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு. பன்னிரண்டு வருடமாக எதிரெதிர்க் கதவு. லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவோம். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. என் வீட்டு மணியை அவர் அடித்தது அதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"செல்வா இருக்கிறாளா?" என்று கேட்டார்.

கீழே போயிருக்கிறாள் என்றேன்.

"பரவாயில்லை, அவள் வந்த பிறகு வருகிறேன்," என்று சிரித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.